மஞ்சாடியும் விண்மீனும்

நுழையும்முன்

கைக்கு எட்டும் பொருளைத் தராசில் வைத்து நிறுக்கிறோம். பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு விண்மீனை எதில் வைத்து நிறுப்பது? சாத்தான்குளத்து வகுப்பறையொன்றில் எழுந்த இவ்வினாவின் வழியே, மிகச் சிறிய விண்மீன்களின் நிறையும் பருமனும் அளக்கப்படும் முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முத்தின் இரண்டு அளவுகள்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துக்கு உடனே விலை பேசமாட்டார்கள். முதலில் அதைச் சலிப்பார்கள். அதற்கென ஒரே அளவான 10 பித்தளைத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டின் அடியிலும் வட்டமான துளைகள் இருக்கும். முதல் தட்டில் 20 துளைகள். கடைசித் தட்டில் 1000 துளைகள். துளைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றின் வாய் சிறுத்துக்கொண்டே போகும். எந்தத் தட்டில் முத்துத் தங்குகிறதோ, அதைக் கொண்டு அதன் பருமனை அறிந்தார்கள். எல்லாத் தட்டுகளையும் கடந்து கீழே விழுந்தவற்றுக்குத் 'தூள்' என்று பெயர்.

சலித்த பிறகுதான் முத்துத் தராசுக்கு வரும். மஞ்சாடி என்னும் சிவந்த விதையின் பெயரால் அமைந்த நிறையலகு அங்கே வழங்கியது. 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தனித்தனியே நிறுக்க இயலாத சிறு முத்துகளைப் பலவாகச் சேர்த்து நிறுத்து, எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

பருமன் தெரிந்த பிறகு நிறை எதற்கு? நிறை தெரிந்தால் பருமன் எதற்கு? ஒரே துளையில் தங்கும் இரு முத்துகளில் ஒன்று மற்றதைவிட இலேசாக இருந்தால், அதன் உள்ளே ஏதோ குறை இருக்கிறது என்று ஐயுறலாம். முத்தை உடைத்துப் பார்க்க முடியாது. உடைக்காமலே உள்ளிருப்பதை அறிய வேண்டுமானால் இரண்டு அளவுகளும் வேண்டும். கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிட்டு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை பழமையான இவ்வணிகத்தின் அறிவு இந்த இரண்டு அளவுகளில் அடங்கியிருக்கிறது. விண்மீனை ஆராய்பவர்களும் இதே இரண்டைத்தான் தேடுகிறார்கள் என்பதை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

தராசு யார் கையில்?

எங்கள் சாத்தான்குளம் கடலோரத்து ஊர் அன்று. சற்றே உள்நாட்டில், செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர். இங்கே முத்தை விடக் கருப்பட்டியே அன்றாட வாழ்வு. என் தந்தையார் கருப்பட்டி வணிகர். கடையில் ஒரு பெரிய தட்டுத் தராசும், உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு வெள்ளிக்கோலும் இருந்தன. முத்திரைக் காலம் வந்தால் படிக்கற்களைத் துடைத்துத் துணியில் முடிந்து தாமே எடுத்துச் செல்வார். 'கல் பொய்யானால், அதில் நிறுத்ததெல்லாம் பொய்' என்பது அவர் வாக்கு. விற்க வந்தவர் கேட்டால், கல்லை இடம் மாற்றி வைத்து மறுமுறை நிறுத்துக் காட்டவும் அவர் தயங்கியதில்லை.

பின்னர் நான் இயற்பியல் ஆசிரியரானேன். ஒருநாள் விண்மீன்களைப் பற்றிப் பாடம் நடத்துகையில், 'சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா. அதன் நிறை சூரியனின் நிறையில் ஏறத்தாழ 12 விழுக்காடு. அதன் ஆரம் சூரியனின் ஆரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, அதை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"நிறுத்தவர்கள் சொல்வதை நாங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டுமா, ஐயா?" என்று மறுபடியும் கேட்டாள்.

அவளுடைய தந்தையார் பனையேறி. தாயார் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி செய்பவர். விடியுமுன் எழுந்து, அடுப்பின் முன் நின்று, கொட்டாங்குச்சியில் வார்த்தெடுத்த கருப்பட்டியைச் சந்தைக்குக் கொண்டு சென்றால், அதை நிறுக்கும் தராசு அந்தத் தாயின் கையில் இருப்பதில்லை. வாங்குபவர் கையில்தான் இருக்கும். அவர் சொல்லும் எடையை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பிய ஒரு வீட்டிலிருந்து வந்தவள் கேட்ட வினா அது. 'அறிவியலார் கண்டறிந்திருக்கிறார்கள்' என்ற ஒரு தொடரால் அவளை உட்காரவைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் நடத்திய பாடம் அவளுக்கான விடையாக அமைந்தது. அதன் சுருக்கத்தையே இங்கே எழுதுகிறேன்.

விண்ணில் ஒரு வெள்ளிக்கோல்

தன்னந்தனியே நிற்கும் விண்மீனை நிறுக்க நேரான வழி இல்லை. நிறை என்பது பிறவற்றை ஈர்க்கும் ஆற்றலால் வெளிப்படுவது. ஈர்க்கப்படும் இன்னொரு பொருள் அருகில் இருந்தால்தான் அந்த ஈர்ப்பு நமக்குத் தெரியவரும். எனவே அளப்பதற்கு இரண்டு விண்மீன்கள் வேண்டும். அவ்வாறு ஒன்றையொன்று சுற்றும் இணைகளை இரட்டை விண்மீன்கள் என்கிறோம்.

இரட்டை விண்மீன் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பாதிரியார், ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்வானின் ஆல்பா செண்டாரி ஒரு விண்மீன் அன்று, இரண்டு என்று கண்டார். அவ்விரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் மூன்றாவது துணைதான் பிராக்சிமா. மிக மங்கலான அச்சிறு விண்மீனை 1915இல்தான் தென்னாப்பிரிக்காவில் இராபர்ட் இன்னஸ் கண்டறிந்தார்.

இணையாகச் சுற்றும் விண்மீன்களின் கணக்கு, வெள்ளிக்கோலின் கணக்கே. வெள்ளிக்கோலில் கனத்த சரக்குக் கைப்பிடிக்கு மிக அருகே தொங்கும். சிறு குண்டோ தண்டின் மறுபக்கத்தில் வெகுதொலைவு தள்ளிப்போய் அதைச் சமன்செய்யும். விண்ணிலும் அப்படியே. இரு விண்மீன்களுக்கும் பொதுவான ஒரு நிறை மையம் உண்டு. பெரியது அம்மையத்துக்கு அருகே சிறு வட்டமிடும். சிறியது தொலைவில் பெரு வட்டமிடும். இரு வட்டங்களின் அளவுகளும் சுற்றும் காலமும் தெரிந்தால், கெப்ளரும் நியூட்டனும் தந்த விதிகளைக் கொண்டு இரண்டின் நிறைகளையும் கணக்கிட்டுவிடலாம்.

அந்த வட்டங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவையாக இருந்தால்? அப்போது ஒளியின் நிறமாலை உதவுகிறது. திருச்செந்தூர்ச் சாலையில் ஒலியெழுப்பிக்கொண்டு வரும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும். ஒளிக்கும் இத்தகைய மாற்றம் உண்டு. விண்மீன் நம்மை நோக்கி வருகையில் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகுகையில் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். டாப்ளர் விளைவு எனப்படும் இந்நகர்விலிருந்து விண்மீனின் வேகத்தை அறியலாம். துணை விண்மீன் எவ்வளவு கனமோ, அவ்வளவுக்குப் பெரிய விண்மீன் அலைக்கழியும். ஆக, சிறியது தன் நிறையைப் பெரியதன் அசைவில் எழுதிவைக்கிறது.

மறைப்பு என்னும் சல்லடை

நிறைக்கு வழி கிடைத்துவிட்டது; பருமனுக்கு என்ன செய்வது? பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் விண்மீன்கள் பெரும்பாலும் புள்ளிகளாகவே தெரியும். இதற்கான வாயிலைத் திறந்தவர்களுள் ஒருவர் உங்களைவிட ஓரிரு வயது மட்டுமே மூத்தவர். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த, கேட்கும் திறன் இல்லாத ஜான் குட்ரிக், அல்கோல் என்னும் விண்மீன் 2 நாள் 21 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் தவறாமல் மங்கித் தெளிவதைக் கண்டார். ஏதேனும் ஒரு பொருள் அதைச் சுற்றிவந்து இடையிடையே மறைக்கக்கூடும் என்று 1783இல் கருத்துரைத்தபோது அவருக்கு வயது 18. 1889இல் செருமானிய அறிஞர் வோகல் நிறமாலையைக் கொண்டு அதை உறுதிசெய்தார்.

இத்தகைய மறைப்பு இரட்டை விண்மீன்கள் நமக்குச் சல்லடையாகின்றன. சிறிய விண்மீன் பெரியதன் முகத்தைக் கடக்கும்போது, தன் வட்டத்தின் பரப்புக்கு ஏற்ப ஒளியை மறைக்கிறது. பெரியதன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு ஆரமுடையது கடந்தால், பரப்பில் நூறில் ஒரு பங்கு மறையும். ஒளியும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். ஒளி எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நேரம் குறைந்தது என்று அளந்தால் ஆரங்களின் விகிதம் கிடைத்துவிடும். மறைப்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறையப் பக்கவாட்டில் பார்க்கிறோம் என்பது அதனால் உறுதியாகிறது. எனவே டாப்ளர் அளவிலிருந்து பெறும் நிறையும் ஐயமற்றதாகிறது.

மிக அருகிலுள்ள சிலவற்றை நேராகவும் அளக்கலாம். சிலி நாட்டில், ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு பெருந்தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, பிராக்சிமாவின் கோண விட்டத்தை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். அது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கை மீண்டும் 1000 பங்காக்கினால் கிடைக்கும் அளவு. குமரி முனையில் நின்றுகொண்டு, காஷ்மீரில் ஒருவர் அணிந்திருக்கும் சட்டைப் பொத்தானின் அகலத்தை அளப்பதற்கு அது ஒப்பாகும்.

குருசிகரத்தில் ஒரு நிறுவை

இவ்வகை அளவை இந்தியாவிலும் நிகழ்கிறது. இராசத்தானின் அபு மலையில், குருசிகரம் என்னும் உச்சியில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதனுடன் 'பாரஸ்' என்னும் நிறமாலைமானி இணைக்கப்பட்டுள்ளது. பிரியங்கா சதுர்வேதி, அபிஜித் சக்ரவர்த்தி முதலிய ஆய்வாளர்கள் இக்கருவியைக் கொண்டு ஒரு மறைப்பு இரட்டை விண்மீனை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். சூரியனைவிடச் சற்றே சிறிய விண்மீன் ஒன்றை ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை ஒரு குறு விண்மீன் சுற்றுகிறது. அதன் ஒளியைத் தனியே பிரித்துக் காண முடியாது; பெரியதன் ஒளியில் அது மூழ்கிவிடுகிறது. ஆயினும் அதன் இழுப்பால் பெரிய விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. அது குறுக்கே வரும்போது ஒளியில் நூறில் 2 பங்கு குறைகிறது. இவ்விரு சான்றுகளிலிருந்து, அதன் நிறை சூரிய நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்றும், ஆரம் சூரிய ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு என்றும் கணித்தார்கள்.

இன்னும் எவ்வளவு சிறியதாக ஒரு விண்மீன் இருக்க முடியும்? இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வுசெய்த சிவ் குமார் 1960களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். சூரிய நிறையில் ஏறத்தாழ 7 முதல் 9 விழுக்காட்டுக்குக் கீழே போனால், நடுவிலே ஹைட்ரஜன் நிலையாக எரிந்து ஒளிரும் அளவுக்கு வெப்பம் பிறவாது. அத்தகையவை பிற்காலத்தில் 'பழுப்புக் குறுமீன்' என்று பெயர் பெற்றன. 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அவ்வெல்லையை ஒட்டி நிற்கும் ஒரு விண்மீனை அளந்தார்கள். பருமனில் அது சனிக்கோளைவிடச் சற்றே பெரியது. நிறையிலோ வியாழனைப்போல் ஏறத்தாழ 85 மடங்கு.

இங்கேதான் முத்தின் இரண்டு அளவுகளை மீண்டும் நினைக்க வேண்டும். பெருங்கோளும் குறு விண்மீனும் பருமனில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒளி குறைந்த அளவை மட்டும் பார்ப்பவருக்கு, கடந்து சென்றது கோளா விண்மீனா என்பது தெரியாது. நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சல்லடை ஒன்றாகக் காட்டியவற்றைத் தராசு பிரித்துக்காட்டுகிறது.

படிக்கல்லைச் சோதித்தல்

மாணவி கேட்ட வினாவின் கூர்மையான பகுதி இனிமேல்தான் வருகிறது. சிறிய விண்மீனின் ஒளி தனியே கிடைக்காதபோது, பெரிய விண்மீனின் நிறையையும் ஆரத்தையும் முதலில் அறிந்தால்தான் சிறியதன் அளவுகளைப் பெற முடியும். பெரியதுதான் இங்கே படிக்கல். அதன் நிறையை நிறமாலை காட்டும் வெப்பநிலை முதலியவற்றிலிருந்து கணிக்கிறார்கள். அக்கணிப்பு முறையை, இரண்டு விண்மீன்களின் ஒளியும் தெளிவாகத் தெரியும் வேறு இணைகளில் முன்னதாகச் சோதித்திருக்கிறார்கள். ஓர் அளவு இன்னோர் அளவின்மேல் நிற்கிறது. அந்தக் கல் பிழையானால் மேலே அடுக்கியவை எல்லாம் பிழையாகும்.

சென்னை வான் ஆய்வகத்தில் 1855இல் நடந்தது இதற்குச் சான்று. அதன் இயக்குநர் ஜேக்கப், ஒரு புகழ்பெற்ற இரட்டை விண்மீனின் பாதையில் சிறு பிறழ்வுகளைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று அறிவித்தார். பின்வந்தோர் அதையே மீண்டும் மீண்டும் அளந்தனர்; கோள் இல்லை என்பது தெளிவாயிற்று. ஜேக்கப் தம் அளவுகளை மறைக்காமல் வெளியிட்டிருந்ததால்தான் பிறரால் அதைத் திருத்த முடிந்தது.

இன்றும் இத்துறையில் தீராத ஒரு வழக்கு உண்டு. குறு விண்மீன்கள் பலவற்றை அளந்து பார்த்தபோது, கோட்பாடு சொல்லும் ஆரத்தைவிட அவை சில விழுக்காடு முதல் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை பருத்திருக்கின்றன. அவற்றின் வலிய காந்தப்புலமும் கரும்புள்ளிகளும் காரணமாகலாம் என்கிறார்கள் சிலர். அளக்கும் முறையை இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

பத்து விழுக்காடு சிறிய வேறுபாடு என்று தோன்றலாம். 2017இல் உலகமே வியந்த டிராப்பிஸ்ட்-1 விண்மீனைப் பாருங்கள். ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் நிறை சூரிய நிறையில் 9 விழுக்காடு. அதைச் சுற்றிப் பூமியை ஒத்த பருமனுள்ள 7 கோள்கள் உள்ளன. அக்கோள்களின் ஆரத்தை நாம் நேராக அறியவில்லை. விண்மீனின் ஆரத்தில் இத்தனை பங்கு என்றே அறிகிறோம். இதுபோன்ற ஒரு விண்மீனின் ஆரத்தில் 10 விழுக்காடு கூடினால் கோளின் ஆரமும் 10 விழுக்காடு கூடும். அதன் கனஅளவோ மூன்றில் ஒரு பங்கு பெருகிவிடும். அதே நிறை அவ்வளவு இடத்தில் பரவினால் அடர்த்தி நான்கில் ஒரு பங்கு குறையும். பாறையும் இரும்பும் என்று எண்ணிய கோள், நீரும் பனியும் மிகுந்த கோளாகத் தோன்றும். வேற்றுக்கோளில் உயிர் வாழ முடியுமா என்ற பெருவினாவின் விடை, ஒரு சிறு விண்மீனின் ஆரத்தை எவ்வளவு நேர்மையாக அளந்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சிறியவற்றின் உலகம்

நம் அண்டத்தில் உள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய செங்குறு மீன்களே. அவற்றுள் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் காண முடியாது. ஆரவாரமின்றி, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு, அவை பல இலட்சம் கோடி ஆண்டுகள் ஒளிர வல்லவை. சூரியன் அணைந்த பின்னும் அவை இருக்கும். பெரியவற்றை மட்டும் பார்த்து வானத்தைக் கணக்கிட்டால், வானத்தின் பெரும்பகுதி கணக்கில் வராமலே போய்விடும்.

ஜூன் மாத நடுவில் இரவு ஒன்பதரை மணி அளவில், தேரி மேட்டில் ஏறித் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் இரு ஒளிமிக்க விண்மீன்கள் அருகருகே தெரியும். இடப்புறம் இருப்பது ஆல்பா செண்டாரி. புதுச்சேரிக் கரையிலிருந்து இரண்டாகக் காணப்பட்டது அதுவே. அதற்கு 2 பாகை தள்ளி பிராக்சிமா இருக்கிறது. அதை நீங்கள் காண மாட்டீர்கள். ஆனால் அதன் நிறையும் ஆரமும் எவ்வாறு அறியப்பட்டன என்பதை யார் கேட்டாலும் படிப்படியாக எடுத்துச் சொல்லலாம். கேட்டவர் விரும்பினால் கல்லை மாற்றி வைத்து மறுமுறையும் நிறுத்துப் பார்க்கலாம். அறிவியலின் தராசு எவர் ஒருவர் கைக்கும் உரியதன்று. அது சந்தையின் நடுவில், எல்லாரும் காணத் தொங்குவது.